‘வே’ எழுதிய அட்டைப்பெட்டிகள்

எங்கள் தொழிற்சாலையில் எனக்கு ‘வேண்டாம் அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்கா; முதுகுக்குப் பின்னால் முழுப் பட்டம். சாப்பாடு கொண்டுபோகிற பிளாஸ்டிக் டப்பா செய்யும் இடம் அது. இயந்திரம் டப்பாவைத் துப்பும், பெல்ட்டில் அது ஊர்ந்து வரும், கடைசியில் உயரமான ஸ்டூல் ஒன்றில் நான் உட்கார்ந்திருப்பேன். டப்பாவை எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூடியைப் போட்டு அழுத்துவேன். ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். வந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுப்பேன். வராவிட்டால் பக்கத்தில் இருக்கும் அட்டைப்பெட்டியில் எறிவேன். அந்தப் பெட்டி நிறைந்ததும் கறுப்பு மார்க்கரால் அதன் மேல் பெரிதாக ‘வே’ என்று எழுதுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘வேண்டாம்’ என்று முழுதாக எழுத நேரம் கிடைக்கவில்லை. பிறகு அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. ‘வே’ போட்ட பெட்டி நேரே அரைக்கிற இயந்திரத்துக்குப் போகும் என்பது வாசல் காவலாளி வரைக்கும் தெரியும்.

நல்ல டப்பா இருக்கிற பெட்டியில் நான் எதுவும் எழுதுவதில்லை. நன்றாக இருக்கிற பொருளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? இதை நான் பெருமையாகவே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

வேலை முடிந்ததும் இந்தக் கண்ணைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வர முடிந்திருந்தால் வீட்டில் எல்லாரும் கொஞ்சம் குண்டாகியிருப்பார்கள். முடியவில்லையே. துண்டு மடித்தால் ஓரம் சேரவில்லை என்பேன். தலையணை உறையின் தையல் மேலே வந்துவிட்டது என்பேன். என் வீட்டுக்காரர் தலை வாரிக்கொண்டு வந்தால் வகிடு கோணல் என்பேன். அவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே. வருகிற யாரையும் இன்று வரை வேண்டாம் என்று சொன்னதில்லை. என்னையும் சொன்னதில்லை. அந்த மனுஷருக்கு எப்படி இவ்வளவு பொறுமை என்று உறவினர்கள் வியப்பார்கள். என் காதில் விழும்படியே வியப்பார்கள்.

எங்களுக்கு ஒரே பெண். அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் ஒரு நாள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பையன் ஒருவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். பாவம், வந்த பதற்றத்தில் அவன் சட்டைப் பட்டனை ஓர் ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒரு பக்கக் காலர் காதைத் தொட்டது, இன்னொரு பக்கம் தோளோடு போயிற்று. அவன் போனதும் நான் வாயைத் திறந்தேன்.

“தன் சட்டைக்கே பட்டன் போடத் தெரியலை. அடுத்தவங்க கண்ணுக்குக் கண்ணாடி போடறானாம். வேண்டாம்.”

பெண் சண்டை போடவில்லை. அழவும் இல்லை. சரி என்று எழுந்து போய்விட்டாள். அடடா, அம்மா சொல் கேட்கிற பெண் என்று நான் உச்சி குளிர்ந்து போனேன். ஒரு வருஷம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வானிலை அறிக்கை மாதிரிச் சொன்னாள்.

“நாங்க பதிவுக் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். அன்னிக்குச் சாயங்காலம் ஒரு ஹால்ல எல்லாருக்கும் விருந்து. செலவு முழுக்க எங்களோடது. நீ வந்து உக்காந்தாப் போதும்மா.”

உட்கார்ந்தால் போதுமாம். இத்தனை வருஷமாக ஸ்டூலில் உட்கார்ந்துதான் சம்பாதிக்கிறேன், ஆனால் சொந்தப் பெண்ணின் கல்யாணத்தில் சும்மா உட்காருவதா? எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹால் அவள் பார்த்துவிட்டாள், சாப்பாட்டுக்காரரிடம் பேசிவிட்டாள், உடை எடுத்தாகிவிட்டது. எதிலும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும், உங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். ஒரு வாரம் கப்பல் கவிழ்ந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். கடைசியில் அவளுக்கே பாவமாகிவிட்டது.

“சரிம்மா. வர்றவங்க கிளம்பும்போது கையில குடுக்கறதுக்கு ஏதாவது வாங்கணும். ரிட்டர்ன் கிஃப்ட். அது உன் பொறுப்பு. இந்த ஒண்ணை மட்டும் உன்கிட்ட விடறேன். அவங்க வீட்டு ஆளுங்க முன்னால நான் தலைகுனியற மாதிரி மட்டும் வெச்சிடாதே.”

“யார்கிட்ட என்ன சொல்றே! ஒருத்தர் ஒரு குறை சொல்லட்டும், நான் வேலையையே விட்டுடறேன்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “நம்பறேன்மா” என்று மட்டும் சொன்னாள். அந்த வார்த்தையை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். என் பெண்ணின் கல்யாணத்தில் என் பங்கு என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுதான் இருந்தது. இதிலும் கோட்டை விட்டால், இனி அவள் வாழ்க்கையில் எனக்கு உட்காரும் வேலை மட்டும்தான்.

ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. அதை விருந்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தேன். தலைக்கு விழுந்த தொகையில் ஒரு நல்ல சோப்பு வாங்கலாம், ஒரு சுமாரான மெழுகுவர்த்தி வாங்கலாம், ஒரு மோசமான போட்டோ சட்டம் வாங்கலாம். கடை கடையாக ஏறினேன். சோப்பைக் கொடுத்தால் ‘முதலில் குளி’ என்று சொன்ன மாதிரி ஆகும். மெழுகுவர்த்தி மேஜையில் வைத்ததும் சாய்ந்தது. போட்டோ சட்டத்தில் பின்பக்க அட்டை கையோடு வந்தது. சாவிக்கொத்து வளையத்தைத் திறக்கப் போய் என் நகம்தான் திறந்துகொண்டது. சின்னத் தொட்டியில் செடி வைத்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். அவரவர் வீட்டில் அது வாடும்போதெல்லாம் என் பெயர் அடிபடும். நாலாவது கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அம்மா, நீங்க பொருள் வாங்க வந்தீங்களா, ரெய்டு பண்ண வந்தீங்களா?”

வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். “தலைக்கு ஒண்ணுன்னு ஏன் கணக்கு போடறே? வீட்டுக்கு ஒண்ணு குடுப்போம். பாதிக்குப் பாதி குறையும். அந்தக் காசுல நல்லதா வாங்கலாம்.”

நல்ல யோசனைதான். ஆனால் வீடு என்றால் எது? என் அண்ணனும் அவர் மகனும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்; அண்ணன் கீழே, மகன் மாடியில், அடுப்பு இரண்டு, பேச்சுவார்த்தை பூஜ்யம். ஒன்று கொடுத்தால் யார் கையில் கொடுப்பது? இரண்டு கொடுத்தால், ‘நீங்கள் பிரிந்துவிட்டீர்கள்’ என்று நானே மேடை போட்டு அறிவித்த மாதிரி ஆகும். என் பெண்ணோடு வேலை செய்யும் நாலு பெண்கள் ஓர் அறையில் தங்கியிருக்கிறார்கள். அது ஒரு வீடா? ஒரு சோப்பை நாலாக வெட்டிக்கொள்வார்களா? இவருடைய தங்கை வருஷத்தில் ஆறு மாதம் கணவரோடு இருப்பாள், ஆறு மாதம் கோபித்துக்கொண்டு மகள் வீட்டில் இருப்பாள். அவள் அப்போது எந்த மாதத்தில் இருக்கிறாள் என்று யாரிடம் போய்க் கேட்பது? சாயங்காலம் முழுக்க நாங்கள் இருவரும் உட்கார்ந்து உறவுக்குள் ஒட்டியிருந்ததையெல்லாம் பிரித்து, பிரிந்திருந்ததையெல்லாம் ஒட்டிப் பார்த்தோம். கடைசியில் இவரே கையெடுத்துக் கும்பிட்டார்.

“லிஃப்ட்டுல நாங்க தலையைத்தான் எண்ணுவோம். அதுல வம்பே இல்லை.”

தலைக்கு ஒன்று என்றே முடிவாயிற்று. பணம் மட்டும் அப்படியேதான் இருந்தது.

மறுநாள் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பரிடம் இந்தப் புலம்பலைக் கொட்டினேன். அவரும் நானும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் தள்ளுவதை எடை போட்டு அரைக்க அனுப்புவது அவர் வேலை. என்னால்தான் தன் இடுப்பு போயிற்று என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

“அக்கா, அரைக்கப் போற மூட்டைங்க கொஞ்சம் கெடக்கு. போன மாசம் நீங்க தள்ளினதுதான். டப்பா ஒரு பச்சை, மூடி ஒரு பச்சை. ஞாபகம் இருக்கா? எடுத்துக்கிறீங்களா? வேலை செய்யறவங்களுக்குன்னா கிலோ விலைக்குப் போட்டுத் தருவாங்க.”

ஞாபகம் இல்லாமலா? அதற்காகத்தான் ஒரு ஷிஃப்ட் முழுக்க இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். டப்பா இலைப் பச்சை, மூடி கிளிப் பச்சை. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று சூப்பர்வைசர் கெஞ்சினார். “நான் கவனிச்சேனே” என்று சொல்லி அத்தனையையும் தள்ளினேன். ‘இதைக் கையில் வாங்குகிறவன் நம்மைப் பற்றி என்ன நினைப்பான்?’ என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். இப்போது அதே டப்பாவைப் பார்த்தேன். உறுதியான டப்பா. மூடி போட்டால் ‘டக்’ என்று கேட்டது. இலைப் பச்சைக்கு மேல் கிளிப் பச்சை... இதை ‘டபுள் கலர்’ என்று சொல்லிக்கொண்டால் என்ன? தொழிற்சாலையில் இருந்தால் குறை, கல்யாணத்தில் இருந்தால் டிசைன். என் மனசாட்சி ஒரு முறை இருமிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டது.

“அரைக்கிறதுக்குப் பதிலா ஏதோ ஏழைக்கு உதவற மாதிரி” என்று இழுத்தேன்.

“எந்த ஏழைக்கு அக்கா?” என்றார் ஸ்டோர் கீப்பர். நான் மூட்டைகளை எண்ண ஆரம்பித்தேன்.

ஒரே ஒரு சிக்கல். மூட்டைகளில் நிறம் மாறியது மட்டும் இல்லை. மூடி நெளிந்து, எவ்வளவு அழுத்தினாலும் எகிறிவிடுகிற டப்பாக்களும் கலந்து கிடந்தன. பிரித்துத் தர அங்கே ஆள் இல்லை. மொத்தமாக வாங்கினேன். அப்படியும் பணம் மிஞ்சியது. அந்த மிச்சத்தில் ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு கை அள்ளிப் போட நல்ல சாக்லேட்டே வாங்கலாம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தேன். ‘டக்’ என்றது ஒரு பக்கம், எகிறியது ஒரு பக்கம். மளிகைக் கடையிலிருந்து கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டிகளில் டப்பாவைத் தனியாக, மூடியைத் தனியாக அடுக்கினேன். எகிறிய டப்பாக்கள் இருந்த பெட்டிகளில் கை தன்பாட்டுக்குக் கறுப்பு மார்க்கரை எடுத்துப் பெரிதாக ‘வே’ என்று எழுதியது. நல்லவை இருந்த பெட்டிகளில் வழக்கம்போல் எதுவும் எழுதவில்லை.

பெண்ணிடம் டப்பா ஒன்றைக் காட்டினேன். திருப்பிப் பார்த்தாள், மூடிப் பார்த்தாள். டக். “கலர் நல்லா இருக்கும்மா” என்றாள். ஒரு நல்ல வார்த்தைக்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தேன்.

விருந்துக்கு முந்தின நாள் எனக்கு ஷிஃப்ட். இவர் லீவு போட்டுவிட்டு ஒரு சின்ன வேனுக்குச் சொல்லியிருந்தார். மத்தியானம் போன் செய்தார்.

“வேன் வந்துடுச்சு. எந்தப் பெட்டியை ஏத்தணும்?”

பெல்ட்டில் டப்பா வந்துகொண்டே இருந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, “வேண்டியதை ஹாலுக்குக் கொண்டுபோங்க. வேண்டாததை அப்படியே பழைய பிளாஸ்டிக் கடையில போட்டுடுங்க” என்றேன்.

“எது வேணும், எது வேண்டாம்?”

“அதான் எழுதியிருக்கேனே. பார்த்தாத் தெரியும்.”

“ஆமாமா, தெரியுது தெரியுது” என்றார். “நல்லாப் பெரிசா எழுதியிருக்கே.”

காலையில் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்து முடிந்தது. மாப்பிள்ளையின் பட்டன் எல்லாம் சரியாக இருந்தது. நான் பார்க்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. வாசலை ஒட்டி எனக்கென்று ஒரு மேஜை. அதன் மேல் தட்டு நிறைய சாக்லேட். மேஜைக்கு அடியில் பெட்டிகளை அடுக்கிவிட்டு, இவர் மேல் பெட்டியிலிருந்து டப்பாவையும் மூடியையும் எடுத்து வரிசையாக வைத்திருந்தார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் விறைப்பாக நின்றார். லிஃப்ட்டில்கூட அப்படி நின்றதில்லை.

சாப்பிட்டு முடித்தவர்கள் வரிசையில் வந்தார்கள். முதல் ஆள் எங்கள் ஸ்டோர் கீப்பர்.

“டபுள் கலரா அக்கா?” என்று கண்ணடித்தார்.

முறைத்துக்கொண்டே டப்பாவில் சாக்லேட்டை அள்ளிப் போட்டு, மூடியை வைத்து அழுத்தினேன். சத்தம் வரவில்லை. ஹாலில் கூட்டத்தின் இரைச்சல், அதனால் கேட்கவில்லை என்று நினைத்தேன். கையை எடுத்தேன். மூடி எகிறி அவர் சட்டைப் பையில் இடித்துவிட்டுக் கீழே விழுந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அத்தனை பேர் இருந்த ஹாலில் அந்த மூடிக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். இன்னொரு டப்பா எடுத்தேன். எகிறியது. இன்னொன்று. எகிறியது. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். எல்லாப் பெட்டியிலும், என் கையெழுத்தில், கொட்டை கொட்டையாக: வே, வே, வே.

“ஏங்க,” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது. “‘வே’ போட்டதையா கொண்டுவந்தீங்க?”

“ஆமா. வேணும்னு நீதானே எழுதியிருந்தே?”

“‘வே’ன்னா வேண்டாம்!”

அவர் திகைத்துப் போய்விட்டார். “வேணும்ங்கறதுக்கும் அதே எழுத்துதானே?” என்றார். “வேண்டாத பொருள் மேல யாராவது மெனக்கெட்டுப் பெரிசா எழுதுவாங்களா? வேணும்ங்கறதுக்குத்தானே பேர் எழுதி வெப்பாங்க?”

இத்தனை வருஷம் தொழிற்சாலையில் ஒருவருக்கும் தோன்றாத சந்தேகம் இந்த மனுஷருக்குத் தோன்றியிருக்கிறது. அதைவிட மோசம், அவர் சொல்வது சரி என்று எனக்குப் பட்டது.

“அப்ப மத்ததெல்லாம்?”

“பழைய பிளாஸ்டிக் கடையில போட்டுட்டேன். ‘சார், புதுசு மாதிரி இருக்கே’ன்னு நல்ல விலை குடுத்தான்” என்று சொல்லும்போதே அவருடைய சுருதி இறங்கிவிட்டது.

தொழிற்சாலையில் இப்படி ஏதாவது நேர்ந்தால் நான் கையைத் தூக்குவேன். தூக்கினால் பெல்ட் நின்றுவிடும். பழக்க தோஷம், இங்கேயும் தூக்கிவிட்டேன். வரிசையின் கடைசியில் இருந்தவர்கள் நான் விடை கொடுப்பதாக நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினார்கள். வரிசை நிற்கவில்லை. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று மேஜையை நெருங்கி, வரிசையாக வைத்திருந்ததைத் தாங்களே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரு குழந்தையின் டப்பா திறந்து சாக்லேட் நாலு பக்கமும் உருண்டது. பொறுக்கக் குனிந்தவரின் டப்பாவும் திறந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா வந்து நின்றார். தையல்காரர்; ஊசிக் கண் அவருக்கு. டப்பாவை வாங்கி மூடினார். எகிறியது. என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு இன்னொரு முறை மூடினார். எகிறியது. என் பெண் எந்தத் தலைகுனிவுக்குப் பயந்தாளோ, அது என் கையாலேயே நடந்துகொண்டிருந்தது. அப்போது என் வாயிலிருந்து ஒரு பொய் வந்தது பாருங்கள், அதை எந்த அச்சில் வார்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“அது மூடி இல்லை சம்பந்தி. தட்டு. கீழ டப்பா, மேல சின்னத் தட்டு. ரெண்டு உபயோகம்.”

அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். “அட, நல்ல யோசனையா இருக்கே!” என்றார். உண்மையாகவே சொன்னார். பின்னால் நின்றவரிடம் திரும்பி, “மூடாதீங்க, இது தட்டாம்” என்று விளக்கவும் செய்தார். ஸ்டோர் கீப்பர் இருமலை அடக்கிக்கொண்டு ஹாலை விட்டு வெளியே ஓடினார்.

நான் மூச்சு விடுவதற்குள் என் பெண் வந்துவிட்டாள். வரிசை முட்டி நிற்பதை மேடையிலிருந்து பார்த்திருக்கிறாள். ஒரு டப்பாவை எடுத்தாள், மூடினாள், எகிறியதைப் பார்த்தாள். குனிந்து பெட்டிகளைப் பார்த்தாள். அவளுக்குத் ‘தட்டு’ கதை செல்லாது. சின்ன வயதில் பள்ளி லீவு நாளில் என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடியவள். ‘வே’ என்றால் என்ன என்று அ, ஆ படிப்பதற்கு முன்பே தெரிந்தவள்.

இவர் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவர் அதற்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார். என்னால் முடியவில்லை.

“அத்தனையும் ரிஜெக்ட்மா,” என்றேன். “அப்பா மேல தப்பு இல்லை. என் தப்புதான். நீ நம்பி விட்டே, நான் கெடுத்துட்டேன்.”

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபப்படுவாள், அல்லது அந்த ‘சரி’யைச் சொல்லிவிட்டு மேடைக்குத் திரும்பிப் போவாள் என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, உனக்குமா இப்படி நடக்கும்?” என்றாள்.

குத்திக் காட்டவில்லை. ஏதோ பிராணிகளெல்லாம் பேசும் என்று அப்போதுதான் கேள்விப்பட்டவள் போல, நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். உடை கசங்குமே என்றுகூடப் பார்க்காமல் ஒரு அட்டைப்பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கண் மை கன்னத்தில் வழிந்தது. மாப்பிள்ளை பதறி ஓடி வந்தார். அவரிடம் டப்பாவை நீட்டி, “மூடிப் பாருங்க” என்றாள். மூடினார். மூடி எகிறி அவர் மூக்குக் கண்ணாடியில் பட்டது. அவரும் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு இருவரும் எழுந்து, எனக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள். ஆளுக்கொரு டப்பாவாக மூவரும் சேர்ந்து கொடுத்தோம். வந்த ஒவ்வொருவரிடமும் என் பெண், “மூடி நிக்காது. எங்கம்மா பார்த்துப் பார்த்து எடுத்தது” என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். அதில் கிண்டல் இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சொல்லும்போது அவள் தோள் என் தோளை இடித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு பக்கத்தில் அவள் நின்று வெகு காலமாகியிருந்தது. என் அண்ணனும் அவர் மகனும் ஆளுக்கொரு டப்பா வாங்கிக்கொண்டு, யார் மூடி அதிக தூரம் போகிறது என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் போன பிறகு, ஹாலைப் பூட்டுவதற்கு ஆள் சாவியோடு காத்திருக்கும்போது, என் பெண் வந்து என் கையைப் பிடித்தாள்.

“நாளைக்கு ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வாங்க.”

“நாளைக்கேவா? இப்பத்தானே குடி போறீங்க. சாமான் எல்லாம் அடுக்க வேண்டாமா?”

“அடுக்கலை. அப்படியேதான் கெடக்கு. எல்லாத்தையும் சரி பண்ணி முடிச்சு, ஒரு மாசம் கழிச்சுத்தான் உன்னைக் கூப்பிடறதுன்னு இருந்தோம்.” பிடித்த கையை விடாமலே சொன்னாள். “எனக்குப் பயமா இருந்ததும்மா.”

“என்ன பயம்?”

“நீ பார்ப்பியேன்னு.”

என் பெண் பொறுப்பானவள், எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் வருவாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். அது பொறுப்பு இல்லை, பயம். அத்தனை டப்பாவில் ஊசி முனை அளவு வெடிப்பைக் கண்டுபிடித்த இந்தக் கண்ணுக்கு அது மட்டும் தெரியவே இல்லை. “வரோம்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் போனோம். இரண்டு சின்ன அறைகள். வாசலிலேயே பெட்டி, துணி மூட்டை, பிரிக்காத கட்டில். சமையலறைக் குழாய் சொட்டியது. மேஜைக்கு ஒரு கால் குட்டை. சுவரில் கடிகாரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மாப்பிள்ளை பரீட்சை ஹாலில் நிற்கிற பையன் மாதிரிச் சமையலறை வாசலில் நின்றார். கண் என்ன செய்யும், அதன் வேலையை அது பார்த்தது. ஜன்னல் திரைக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. வாய் தானாகத் திறந்தது. இவர் என் காலை நன்றாகவே மிதித்தார்.

என் பெண் துணி மடித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

“திரை ரெண்டு விரல் குட்டை. தெரியும். உக்காரும்மா.”

உட்கார்ந்தேன். நாற்காலியும் ஆடியது. எவ்வளவு நேரம் சும்மா இருப்பேன் என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லாததால், மாப்பிள்ளை கொண்டுவந்த டீயை வாங்கிச் சூட்டோடு வாயில் ஊற்றிக்கொண்டேன்.